கிரீன் கார்டு இன்டர்வியூ: கிடைத்த தேதியைத் தள்ளிப் போடலாமா?

பதினெட்டு, பத்தொன்பது வருஷம் காத்திருந்த மெயில் ஒருநாள் வந்து விழுகிறது. மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகம், இந்தத் தேதி, காலை இத்தனை மணி. வீடே கொண்டாட வேண்டிய நேரம். ஆனால், பல வீடுகளில் அன்று சாயங்காலமே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. "இந்தத் தேதி நமக்கு சரிப்பட்டு வராதே... தள்ளிப் போட முடியுமா?"

பாப்பாவுக்கு பிளஸ் டூ பரீட்சை இருக்கிறது. அப்பா ரிட்டயர் ஆக இன்னும் நாலு மாசம் இருக்கிறது. ஆபீஸில் போனஸ் ஏப்ரலில்தான் வரும். வீடு இன்னும் விலை போகவில்லை. சிலருக்கு அன்றைக்கு சந்திராஷ்டமம் வேறு! வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் உடனே பதில் வரும்: "ஈஸிதான் ப்ரோ, ரீஷெட்யூல் பண்ணிக்கலாம்."

பண்ணிக்கலாம்தான், விதியில் இடம் இருக்கிறது. ஆனால், மேலே சொன்ன காரணங்களில் ஒன்றுக்காகக்கூட தேதியை மாற்றக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில், எந்த விசா?

'விசா இன்டர்வியூ' என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் இரண்டு ரகம் உண்டு. சுற்றுலா, படிப்பு, எச்-1பி போன்றவை தற்காலிக விசாக்கள். இவற்றுக்கான தேதியை நாமே ஆன்லைனில் எடுக்கிறோம். இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் இவற்றை ஒரே ஒரு முறைதான் கூடுதல் கட்டணம் இல்லாமல் மாற்ற முடியும். இன்டர்வியூவுக்குப் போகாமல் விட்டாலோ, இரண்டாவது முறை மாற்ற வேண்டியிருந்தாலோ மறுபடியும் பணம் கட்டிப் புதிதாகத் தேதி எடுக்க வேண்டும்.

நிரந்தரமாகக் குடியேறுவதற்கான விசா இன்னொரு ரகம். அண்ணனோ, அக்காவோ, மகனோ, கணவரோ அங்கிருந்து மனு போட்டு, அது ஏற்கப்பட்டு, அமெரிக்காவின் தேசிய விசா மையத்தில் கட்டணம் கட்டி, டிஎஸ்-260 படிவம் நிரப்பி, ஆவணங்கள் எல்லாம் சரிபார்க்கப்பட்ட பிறகு அவர்களே கொடுக்கும் தேதி இது. இந்தியாவில் இந்த இன்டர்வியூக்கள் பெரும்பாலும் மும்பையில்தான் நடக்கின்றன. நாம் பேசப்போவது இந்த ரகத்தைப் பற்றித்தான்.

இன்டர்வியூ தேதி வேறு, ஃபிளைட் தேதி வேறு

தள்ளிப் போட நினைக்கும் பலருக்கும் இருக்கும் குழப்பம் இதுதான். பிப்ரவரியில் இன்டர்வியூ என்றால் மார்ச்சில் பெட்டி கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

குடியேற்ற விசா பொதுவாக அதிகபட்சம் 6 மாதம் செல்லும். எப்போதும் முழு ஆறு மாதம் கிடைக்காது. விசாவின் ஆயுள் மருத்துவப் பரிசோதனையோடு பிணைந்தது. பரிசோதனை செய்து இரண்டு மாதம் கழித்து விசா அடித்தால் கையில் இருப்பது சுமார் நான்கு மாதம்தான். விசா பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கடைசி நாளுக்குள் அமெரிக்க மண்ணில் இறங்கிவிட்டால் போதும்.

இப்போது அந்தக் காரணங்களைத் திரும்ப ஒரு முறை பாருங்கள். ஐடி கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் சகஜம். விசா கைக்கு வந்தபிறகு ராஜினாமா கொடுத்து, மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டே கிளம்பலாம். பிப்ரவரியில் விசா வந்தால் ஏப்ரல் போனஸும் தப்பாது. சொல்லப்போனால் அமெரிக்கத் தரப்பின் அறிவுரையே அதுதான்: விசா கையில் வரும்வரை வேலையை விடாதீர்கள், சொத்தை விற்காதீர்கள், டிக்கெட் போடாதீர்கள்.

ஆறு மாதமும் போதாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. விசா காலத்துக்குள் ஒருமுறை போய் இறங்கிவிட்டால் நீங்கள் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர். பிறகு சில வாரங்கள் ஊருக்கு வந்து வீட்டு வேலையை முடித்துவிட்டுத் திரும்பலாம். ஒரு வருஷமோ அதற்கு மேலோ வெளியே இருக்க வேண்டும் என்றால் மட்டும், கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் செலவு இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால், அது என்ன தொகை என்று உங்களுக்குத் தெரியும். தள்ளிப் போட்ட தேதியின் விலை என்ன என்று யாருக்கும் தெரியாது.

ஆக, ஒரு எளிய சோதனை. உங்கள் காரணம் 'அமெரிக்கா போவது' பற்றியதா, 'அன்று காலை மும்பையில் இருப்பது' பற்றியதா? முதல் வகை என்றால் தேதியைத் தொடாதீர்கள். இரண்டாவது வகை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பிளஸ் டூ பரீட்சை என்ன ஆவது?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2006-ல் அத்தை போட்ட மனு. அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் உடன்பிறந்தவர்களுக்காகப் போடும் எஃப்-4 பிரிவு. இந்தியர்களுக்கு இந்தப் பிரிவில் 2025-ல் முறைக்கு வந்தவை 2006-ம் ஆண்டு மனுக்கள்தான். மனு போட்டபோது பிறக்காத பெண் இன்று பிளஸ் டூ மாணவி. இன்டர்வியூ பிப்ரவரி கடைசியில், பரீட்சை மார்ச்சில்.

மெடிக்கலுக்கு, பயோமெட்ரிக்குக்கு, இன்டர்வியூவுக்கு என்று பெண்ணுக்குச் சில நாள் படிப்பு கெடும். வருத்தம்தான். ஆனால், பரீட்சையை எழுதி முடித்து, ரிசல்ட்டும் பார்த்துவிட்டு ஜூனில் கிளம்ப நேரம் இருக்கிறது.

ஒருவேளை பரீட்சையும் இன்டர்வியூவும் ஒரே நாளில் வந்து நின்றால்? அப்போதும் மொத்தக் குடும்பத்தின் தேதியை மாற்ற வேண்டியதில்லை. யார் பெயரில் மனு இருக்கிறதோ அவர், அதாவது முதன்மை விண்ணப்பதாரர், குறித்த நாளில் போகலாம். கணவனோ, மனைவியோ, பிள்ளையோ பின்னால் விசா வாங்கிச் சேர்ந்துகொள்ள விதி அனுமதிக்கிறது. முதன்மை விண்ணப்பதாரருக்கு முன்னால் அவர்கள் அமெரிக்காவுக்குள் நுழையக் கூடாது, அவ்வளவுதான். பின்னால் வருபவருக்கும் அந்தச் சமயத்தில் விசா எண் இருக்க வேண்டும், பிள்ளையின் வயதுக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். அதனால், தள்ளுவது என்றால் ஒருவருடையதை மட்டும், குறைந்த நாட்களுக்குத் தள்ளுங்கள்.

வரிசை பின்னாலும் நகரும்

ரேஷன் கடை வரிசையில் நின்றால் நமக்குப் பின்னால் ஆள் சேரும், முன்னால் ஆள் குறையும். அமெரிக்க விசா வரிசை அப்படி இல்லை. கவுன்டர் வரை வந்தவரைத் திடீரென்று தெருமுனைக்கு அனுப்பிவிடும்.

ஆண்டு வரம்புள்ள பிரிவுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதம்தான். யாருடைய முறை வந்திருக்கிறது என்பதை மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டின் சொல்லும். தேவை அதிகமானால் தேதியைப் பின்னுக்கு இழுப்பார்கள். 2022 செப்டம்பர் புல்லட்டினில் இந்தியர்களுக்கான இபி-2 வேலைவாய்ப்புப் பிரிவு 2014 டிசம்பர் 1-ல் இருந்தது. அடுத்த மாதப் புல்லட்டினில் அது 2012 ஏப்ரல் 1. ஒரே மாதத்தில் இரண்டரை வருஷத்துக்கு மேல் பின்னால் போய்விட்டது. ஆண்டு வரம்புள்ள குடும்பப் பிரிவுகளுக்கும் இதே விதிதான்.

உங்களுக்கு இன்டர்வியூ கொடுத்த மாதத்தில் உங்கள் பெயரில் ஒரு விசா எண் இருக்கிறது. நீங்கள் போகாவிட்டால் அது உங்களுக்காகக் காத்திருக்காது. புதிய தேதி வருவதற்குள் புல்லட்டின் பின்னால் போனால், எல்லா ஆவணமும் சரியாக இருந்தாலும் விசா கிடைக்காது. அமெரிக்காவின் நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது. ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துபோகிற காலம் அது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் தேதியைத் தள்ளிப் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய ரிஸ்க்.

அமெரிக்கக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள் ஆகியோருக்கு ஆண்டு வரம்பு கிடையாது. புல்லட்டின் கவலை இவர்களுக்கு இல்லை. ஆனால், அரசின் உத்தரவு இவர்களையும் பாதிக்கலாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் தூதரகங்களின் வழக்கமான விசா சேவை நின்றது. ஏப்ரலில் வந்த அதிபரின் பிரகடனம் பல வகைக் குடியேற்ற விசாக்களை நிறுத்தியது. குடிமக்களின் பெற்றோரும் அதில் மாட்டினார்கள். அது ரத்தானது 2021 பிப்ரவரியில். 2025 ஜூனில் 12 நாடுகளுக்கு முழுப் பயணத் தடை வந்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால், இரண்டு உத்தரவுகளிலும் இருந்த ஒரு பொது அம்சத்தைக் கவனியுங்கள்: ஏற்கெனவே செல்லுபடியாகும் விசா வைத்திருந்தவர்களுக்கு விலக்கு கிடைத்தது. இன்டர்வியூவுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை.

யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் என்ன உத்தரவு வரும் என்று வாஷிங்டனில் இருப்பவர்களுக்கே நிச்சயம் இல்லாத காலத்தில், கையில் இருக்கும் தேதிக்குத் தனி மதிப்பு உண்டு என்கிறேன்.

21 வயதும் கல்யாணப் பேச்சும்

பெற்றோரின் மனுவோடு சேர்ந்து பிள்ளைகள் போக வேண்டுமென்றால் 21 வயதுக்குள் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. 2002-ல் வந்த சட்டம் வயதுக் கணக்கில் ஒரு சலுகை தருகிறது. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயது என்னவோ, அதில் மனு பரிசீலனையில் இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். பையனுக்கு அன்று 23, மனு ஏற்கப்பட 4 வருஷம் ஆனது என்றால், சட்டத்தின் கண்ணில் அவனுக்கு 19. ஆனால், விசா எண் கிடைத்த ஒரு வருஷத்துக்குள் டிஎஸ்-260 தாக்கல் போன்ற நடவடிக்கையை எடுத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு உங்கள் பிள்ளைக்கு உறுதியாகிவிட்டதா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் தேதியில் கை வைக்காதீர்கள். ஏஜென்ட் சொன்னார், குரூப்பில் சொன்னார்கள் என்பதெல்லாம் இந்த விஷயத்தில் போதாது.

கல்யாணத்துக்கு இப்படிச் சலுகையே இல்லை. "இன்டர்வியூவைத் தள்ளிப் போட்டு, பையன் கல்யாணத்தை முடிச்சிட்டுப் போயிடலாம்" என்று ஒரு வீட்டில் முடிவெடுத்தால், தாலி கட்டும் அந்த நிமிஷமே பையன் அந்த மனுவிலிருந்து வெளியே. விசா வாங்கிய பிறகு, அமெரிக்காவில் நுழைவதற்கு முன் கல்யாணம் செய்தாலும் அதே கதிதான்.

புதுமணத் தம்பதிகளுக்கு வேறு ஒரு கணக்கு. அமெரிக்கக் குடிமகனையோ, குடிமகளையோ மணந்தவர் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு வருஷம் நிறைந்திருந்தால் 10 வருஷ கிரீன் கார்டு. நிறையாவிட்டால் நிபந்தனையோடு கூடிய 2 வருஷ கார்டு. இதற்காகவே இன்டர்வியூவைத் தள்ளுபவர்கள் உண்டு. தேவையே இல்லை. கணக்கில் வருவது நுழையும் நாள்தான், இன்டர்வியூ நாள் இல்லை. இன்டர்வியூவை முடித்துவிட்டு, விசா காலத்துக்குள் இரண்டாவது கல்யாண நாளைக் கொண்டாடிவிட்டு ஃபிளைட் ஏறுங்கள்.

"ஒரு சர்டிபிகேட் குறையுதே..."

பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்து மாறியிருக்கிறது. போலீஸ் கிளியரன்ஸ் இன்னும் வரவில்லை. அப்போதும் போங்கள். ஆவணம் குறைந்தால் 221ஜி என்ற பிரிவில் முடிவை நிறுத்திவைத்து, என்ன வேண்டும் என்று எழுதித் தருவார்கள். அதைக் கொடுக்க ஒரு வருஷம் அவகாசம். இதற்குள் புல்லட்டின் பின்னால் போகும் ஆபத்து இங்கேயும் உண்டு. ஆனாலும் இன்டர்வியூ முடிந்து, ஒரு காகிதம் மட்டும் பாக்கி என்ற நிலை, இன்டர்வியூவே இல்லாத நிலையைவிட எவ்வளவோ மேல்.

"நான் இன்னும் தயாராகலை" என்பதும் அப்படித்தான். சுற்றுலா விசாவில் 'திரும்பி வருவேன்' என்று நிரூபிக்க வேண்டும். அதுதான் பலரை மடக்கும் கேள்வி. குடியேற்ற விசாவில் அந்தக் கேள்வியே கிடையாது. உறவு உண்மையா, ஆவணம் சரியா, ஸ்பான்சரின் வருமானம் போதுமா என்பதுதான் பரிசோதனை. ஒரு மாதம் கழித்துப் போனாலும் இதே கேள்விகள்தான்.

எப்போது மாற்றலாம்?

முதன்மை விண்ணப்பதாரர் மருத்துவமனையில் இருக்கிறார், மும்பை வரை வர உடல் இடம் தரவில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டது. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். மெடிக்கல் ரிப்போர்ட் வராததும் நியாயமானதே. எக்ஸ்-ரேயில் காசநோய் சந்தேகம் வந்தால் சளியை கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர 8 வாரம் வரை ஆகும். அந்த நிலையில் அவசரப்பட்டுப் பயனில்லை. மாற்றுவது என்றால் துணைத் தூதரகம் சொல்லும் வழியில், இன்டர்வியூவுக்கு முன்பே, எழுத்தில் கேளுங்கள். பதிலைச் சேமித்து வையுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று: சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருப்பது. விசா கிடைக்கும் என்று அறிவித்த பிறகு ஒரு வருஷம் எதுவும் செய்யாமல் விட்டால், மனுப் பதிவையே ரத்து செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. கை மீறிய காரணம் என்று இரண்டு வருஷத்துக்குள் நிரூபித்தால்தான் மீட்க முடியும். கட்டிய பணமும் திரும்பாது. குடும்பப் பிரிவில் ஆளுக்கு 325 டாலர் என்பதை நினைவில் வையுங்கள்.

அவர்கள் மாற்றினால் மட்டும் சரியா?

இவ்வளவு நேரம் விண்ணப்பிப்பவருக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு முடிப்பது நியாயமாக இருக்காது. 2025 டிசம்பரில் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளப் பக்கங்களை ஆராயும் விதி வந்தபோது, இந்தியாவில் ஏராளமானோரின் இன்டர்வியூ ஒரு மெயிலில் பல மாதம் தள்ளிப்போனது. லீவு போட்டு ஸ்டாம்பிங்குக்காக ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். பழைய தேதியில் வந்தால் உள்ளே விட மாட்டோம் என்று தூதரகம் அறிவித்தது. அவர்கள் மாற்றினால் அது நிர்வாகம், நாம் மாற்றினால் அது ரிஸ்க்!

கோர்ட்டில் வாய்தா வாங்கினால்கூட அடுத்த தேதியை அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். இங்கே குடியேற்ற விசாவில், அடுத்த தேதி எப்போது என்று தெரியாமலேயே இருக்கும் தேதியை விட வேண்டியிருக்கிறது. பல மாதம் ஆகலாம், உத்தரவாதம் இல்லை என்பதுதான் பொதுவான பதில். இருபது வருஷம் காத்திருந்த குடும்பத்திடம், கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவெடு என்பது நியாயமே இல்லை. தேதியை விடும் முன், அடுத்து கிடைக்கக்கூடிய மாதம் இது என்று தோராயமாகவாவது சொல்ல வேண்டும். அதற்குப் புதுச் சட்டமெல்லாம் தேவையில்லை.

அது நடக்கும்வரை, தெரியாத தேதிக்காகத் தெரிந்த தேதியை விடாதீர்கள். மேனேஜரிடம் இரண்டு நாள் லீவு கேளுங்கள், வீட்டை விற்பதை மெதுவாகப் பாருங்கள், சந்திராஷ்டமம் என்றால் காலையில் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். விசா பாஸ்போர்ட்டில் ஏறிய பிறகு, எப்போது போவது என்பதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசி முடிவெடுக்கலாம்.